கயிறு பிடித்த கல்

பெள்ளன் ஆற்றில் முழுகி யோசுவாவாக எழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, ஈச்சங்கொம்பை என்ற மலையூரின் கல்லுமனைக்குள், யாரும் கொண்டுவந்து வைக்காத ஒரு கல் ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தது.

கல்லுமனை என்பது இறந்தவர்களின் வீடு. ஊருக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில், மூன்று பக்கம் கல்லடுக்கி மேலே பலகைக்கல் போட்டு மூடிய சிறு வீடு. ஊரில் ஒருவர் இறந்தால், புதைத்து, ஆடி, அழுது, அழுகையும் தீர்ந்த பிறகு, அவருக்கு மச்சான் முறையான ஒருவன் ஆற்றுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் கைவிட்டு, கையில் முதலில் தட்டுப்படுகிற உருண்டைக் கல்லை எடுத்துவந்து அங்கே வைப்பான். அன்றிலிருந்து அந்தக் கல்தான் அவர். புதுச் சாமை வீட்டுக்கு வந்தால் முதல் பிடி அவருக்கு. அடைமழையில் அவருக்குச் சாக்குப் போர்த்துவார்கள், வெயில் நாளில் எண்ணெய் தடவுவார்கள், கோபம் வந்தால் வாசலில் நின்று திட்டிவிட்டும் வருவார்கள்.

புதுக்கல்லை முதலில் பார்த்தவர் மண்ணுக்காரர் தொட்டன். விதைப்புக்கும் அறுப்புக்கும் மண்ணிடம் உத்தரவு கேட்டுச் சொல்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெள்ளனுக்கு இடது புருவத்தின் மேல் இருந்த வெட்டுத் தழும்பு கல்லிலும் இருந்தது. அவர் அதைப் பழையபடி வைத்துவிட்டு வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெள்ளன் செத்துவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார்.

அந்த நேரத்தில் பெள்ளன் தன் வீட்டு வாசலில் குந்தியிருந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

கெம்பிக்கு அவன் ஒரே அண்ணன். சேதி கேட்டு அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டு ஓடிவந்தவள், வாயில் நுரையோடு தன்னைப் பார்த்துச் சிரிக்கிற அண்ணனையும் அவன் வாசலில் துக்கம் கேட்க வந்து நிற்கிற ஊரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொட்டனிடம் கேட்டாள்.

“செத்தவன் பல்லு விளக்குவானா பெரியப்பா?”

“விளக்குவான் ஆயா. பழக்கம் போறதுக்கு நாளாகுமல்ல.”

பெள்ளன் துணிக்கும் அரிசிக்கும் மதம் மாறிப் போனவன் இல்லை என்பது ஊருக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவன் மகள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, தார்ச்சாலை ஓரத்தில் தகரக்கூரை போட்டு ஜெபவீடு நடத்துகிற போதகர் பாக்கியநாதன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டை கடித்துக் கால் இரண்டும் ரத்தமாக, மலைச்சரிவு முழுக்க இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தை பிழைத்தது. இத்தனை வருடத்தில் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் யாருமே எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கியதில்லை, இவர் தூக்கினார், இவர் சாமி யாரோ அது எனக்கும் சாமி, என்று பெள்ளன் சொன்னபோது மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆனால் கல் வந்துவிட்டது. வந்த கல்லை என்ன செய்வது?

ஊர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டது. செத்தவர்களும் சொந்தக்காரர்கள்தானே. பெள்ளன் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவன் காது கேட்கவே, நல்ல மனுசன், பாவம், இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவன் வீட்டுக் கூரை ஒழுகியபோது வந்து வேய்ந்து கொடுத்துவிட்டு, கூலியாக அவன் மனைவி ரங்கி நீட்டிய காப்பியை மட்டும், செத்த வீட்டில் வாய் நனைப்பதில்லை என்று, தொடாமல் போனார்கள். முதலில் அவன் சிரித்தான். பிறகு சண்டை போட்டான். பிறகு, கூட்டத்தில் பேச எழுந்தால் எல்லோரும் பயபக்தியோடு தலை குனிந்துகொள்கிற ஊரில் சண்டை போட்டும் பயனில்லை என்று விட்டுவிட்டான்.

விஷயம் போதகர் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை; குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு கல்லுமனைக்குள் குனிந்து நுழைந்து, தழும்புள்ள கல்லை வெகுநேரம் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஜெபவீட்டில், பழைய மனிதன் செத்துப்போனான் என்றுதானே நானும் சொல்கிறேன், உங்களுக்குப் புரிவதற்கு முன்னே அந்தக் கல்லுக்குப் புரிந்திருக்கிறது, என்று நெஞ்சுருகப் பேசினார். இப்படியாக மேலே ஊரும் கீழே ஜெபவீடும், வேறு எதிலும் ஒத்துப்போகாதவை, பெள்ளன் செத்துவிட்டான் என்பதில் மட்டும் ஒத்துப்போயின. நடுச்சரிவில் வீடு இருந்த கெம்பி ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கல்லுக்கு ஒரு பிடி சாமைகூட வைக்கவில்லை. எங்கள் அண்ணனுக்குப் பசித்தால் என் வீட்டுக்கு வருவான், வந்தால் தட்டில் போடுவேன், என்றாள். அவன் வந்தான், அவள் போட்டாள்.

பிறகு மாதி முழுகி மார்த்தாளாக எழுந்தாள், அவளுக்கு ஒரு கல் வந்தது. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்த கை அவளுடையது என்பதால் கல்லில் ஈரமும் சூடும் குறையவே இல்லை. அவளுக்குப் பின் இன்னும் சிலர் போனார்கள், அவர்களுக்கும் கற்கள் வந்தன, எல்லாம் மறுநாள் காலையில், எல்லாம் ஆற்று வாசனையோடு. கல்லுமனையில் இடம் நெருக்கடியாகிப் பழையவர்களைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டியதாயிற்று.

கற்களை வேலைக்கு வைக்கலாம் என்பதை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தானாக நேர்ந்தது அது. மார்த்தாளின் அண்ணன் மகள் சிவணி பிள்ளைவலியில் கிடந்தபோது, அத்தை இல்லாமல் எனக்குப் பிறக்காது என்று அவள் பிடிவாதமாக அழ, அத்தையோ ஊர் வழக்கப்படி செத்தவள், பிரசவ வீட்டில் கால்வைக்கக் கூடாதவள் என்பதால், யாரோ கல்லுமனைக்கு ஓடிப்போய் மாதியின் கல்லை எடுத்துவந்து சிவணியின் முதுகுக்கு அண்டைகொடுத்தார்கள். எண்ணெயில் வழுக்குவதுபோலப் பிள்ளை பிறந்தது. அதே வேளையில் சாலையோரக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மார்த்தாள், மணிக்கட்டில் யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கிறதென்று உட்கார்ந்துவிட்டாள். அவள் கைகளில் பனிக்குடத் தண்ணீரின் வாசம் அடித்ததைக் கூட நின்ற பெண்கள் எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு ஊருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. காவலுக்குப் பேர்போன ஒருவனுடைய கல்லைச் சாமைக் காட்டுப் பரண்மேல் வைத்தார்கள், பன்றி வரவில்லை; அவனோ ஜெபவீட்டுப் பெஞ்சில் சிவந்த கண்களோடு உட்கார்ந்து, காதுக்குள் உறுமல் கேட்கிறது என்றான். குழந்தைகளை நன்றாகத் தூங்கவைக்கிற ஒருத்தியின் கல்லைத் தொட்டில் தோறும் கொண்டுபோனார்கள். கீழே ஜெபக்கூட்டத்தில் ஆட்கள் ஆமென் சொல்லும்போதே தூங்கி விழுந்தார்கள். போதகர் கவலைப்பட்டு, ரத்தசோகையாக இருக்குமென்று, டவுனிலிருந்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கிவந்து வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார்.

கெம்பிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனால் அவளுடைய சோதனை தேன் காலத்தில்தான் வந்தது.

தேன்பாறை செங்குத்தானது. மேலிருந்து கொடிக்கயிற்றை விட்டு, அதில் ஒருவன் புகைக்கட்டும் கூடையுமாக இறங்கி, பாறையின் வயிற்றில் கருப்பாய்த் தொங்குகிற தேனடைகளை மூங்கில் கழியால் அறுத்துக் கூடையில் தள்ள வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஒரு பங்குப் பாறை உண்டு. கெம்பியின் புருசன் மசணனுக்கும் உண்டு. ஒரு பருவம் இறங்காவிட்டால் பங்கு போய்விடும். இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிக்கிறவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி கையில் கயிற்றைக் கொடுப்பதில்லை; கீழே இருப்பவன் விழுந்தால் அவன் பங்கு மேலே இருப்பவனுக்கு வந்துவிடும். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பதால் மச்சான் கை ஒன்றுதான் நம்பிக்கையான கை. கயிறு பிடித்தபடியே அவன் பாடவும் வேண்டும்: பாட்டுக்கு ஈக்கள் அடங்கும், அந்தரத்தில் தொங்குகிறவனுக்கும் மேலே ஆள் இருக்கிறது என்று தெரியும்.

கெம்பி அண்ணனிடம் போய் நின்றாள். பாறைக்குப் பூசை வைத்துவிட்டுத்தான் கயிறு போடுவார்கள், அந்த இடத்தில் நிற்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், என்றான். கொஞ்சம் கழித்து, “ஆனா மச்சானை வேற எவன் கையிலயும் விட்டுராத கெம்பி,” என்றும் சொன்னான். ரங்கி உள்ளே பாத்திரத்தை ஓசையோடு வைத்தாள்.

ஊரிலும் அதே பதில்தான் வேறு வார்த்தையில் கிடைத்தது. செத்தவன் கயிறு பிடித்தால் இறங்குகிறவன் எந்த ஊருக்கு இறங்குவான் என்று தொட்டன் கேட்டார். மசணனின் மூத்தவன், அதற்கென்ன, நான் பிடிக்கிறேன், என்று முன்னால் வந்தபோது அவன் கண்கள் தம்பியைப் பார்க்காமல் பாறையைப் பார்த்ததைக் கெம்பி கண்டாள். கடைசியில் யாரோ சொன்னார்கள், மச்சான்தான் கல்லுமனையில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று. கெம்பி ஊர் நடுவில் நின்று கத்தினாள். அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போய் மசணன் சொன்னான்:

“எங்கண்ணன் கையை விட உங்கண்ணன் கல்லு மேல் புள்ள. கல்லுக்குத் துரோகம் தெரியாது.”

அவள் வீட்டுக்குப் போய் அவனுக்குப் புகைக்கட்டைக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பெள்ளனின் கல்லைக் கம்பளியில் சுற்றிப் பாறையுச்சிக்குக் கொண்டுபோய், கொடிக்கயிற்றின் தலைப்பை அதன்மேல் சுற்றிக் கட்டி வைத்தார்கள். ஒரு கைக்குழந்தை அளவு கல் அது. அதன்மேல் ஓர் ஆணின் முழுப் பாரமும் இறங்கப் போகிறது. பெண்கள் பாறைக்குப் போவதில்லை என்பதால் கெம்பி கீழே ஓடைத்திட்டில் காத்திருந்தாள். ஓடை தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேலே எங்கேயோ ஈக்கள் கிளம்புகிற ஓசை, அரிசி புடைப்பதுபோல முதலில் மெல்லக் கேட்டது, பிறகு மழைபோலக் கேட்டது, பிறகு நின்றது.

மசணன் உயிரோடு வந்தான், கூடை நிறையத் தேனோடு, முகம் வெளுத்து. நடுப்பாறையில் கால் வழுக்கியது, கயிறு சரசரவென்று ஓடியது, தீர்ந்தேன் என்று நினைத்தேன், யாரோ இழுத்துப் பிடித்தார்கள், என்றான். மேலே நின்றவர்கள், கல் அசையவும் இல்லை, நாங்கள் தொடவும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். மசணன் கெம்பியிடம் மட்டும் மெதுவாக, மச்சான் பாடினான், என்றான். “ராகம் நம்ம பாறை ராகம். வார்த்தைதான் அவங்க ஜெபவீட்டு வார்த்தை. ஈ அதுக்கே அடங்கிப் போச்சு.”

அதே முற்பகலில் ஜெபவீட்டில், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது, யோசுவாவின் இரண்டு கைகளும் முன்னால் வெடுக்கென்று இழுபட்டன. அவன் பெஞ்சு கவிழ எழுந்து, குதிகாலைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி, பின்னுக்குச் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க நின்றான். பாட்டை மட்டும் விடவில்லை; பாட்டு அவன் வாயில் வேறு ராகத்துக்குத் திரும்பியது. உள்ளங்கைகள் இரண்டும் கிழிந்து ரத்தம் சொட்டுவதை முதலில் பார்த்தவள் ஓர் ஓசையுமில்லாமல் முழங்காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து எல்லோரும் விழுந்தார்கள். அந்தக் கைகளில் அந்தக் காயம், சிலுவையின் ஆணிக்காயமல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்? போதகர் அழுதுகொண்டே தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டார்.

மறு வாரத்திலிருந்து வேன்கள் வரத் தொடங்கின. பூ வைத்த பெண்களும் பைபிளை நெஞ்சோடு அணைத்த ஆண்களும் கீழ்நாட்டிலிருந்து வந்து யோசுவாவின் கைகளைப் பார்த்து அழுது போனார்கள். அவன் இரவும் பகலும் நின்றபடியே ஜெபத்தில் இருக்கிறான், தண்ணீர்கூடத் தொடுவதில்லை, என்று பேச்சுப் பரவியது. அது உண்மைதான், அவன் உட்காரவே இல்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்கள் மூடி, பின்னுக்குச் சாய்ந்தே நின்றான். தூங்கினாலும் சுவரில் சாய்ந்து நின்றே தூங்கினான். ரங்கி ஈரத் துணியால் உதட்டை நனைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். காயம் ஆறவில்லை. ஆள் விறகுபோல வற்றிக்கொண்டு வந்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், போதகர் தனியாக மலையேறிக் கெம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“உங்க அண்ணன் உன் பேரை மட்டும்தாம்மா சொல்றான். எனக்கு ஒண்ணும் விளங்கல.”

எப்படி நிற்கிறான் என்று கெம்பி கேட்டாள். குடையைக் கீழே வைத்துவிட்டு அவர் நின்று காட்டினார்: குதிகால் ஊன்றி, கை நீட்டி, முஷ்டி மூடி, பின்னுக்குச் சாய்ந்து. அரிவாளில் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்த மசணன் அதைப் பார்த்ததும் அரிவாளை நழுவவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

கயிறு பிடித்தவன் கயிற்றைத் தானாகக் கீழே வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அதன் தலைப்பைக் கையில் சுற்றியபடியே ஓடைத்திட்டுக்கு இறங்கி வருவான். தங்கை எதிரே போய், என் மனுசன் வந்துட்டான், கயித்த விடு, என்று சொல்லி அவன் விரல்களைத் தானே பிரித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பாள். அதுவரை அவன் உட்காரமாட்டான், குடிக்கமாட்டான், ஏனென்றால் அவனைப் பொறுத்தவரை மச்சான் இன்னும் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறான். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இந்த முறை கயிறு பிடித்தது கல். கயிற்றை அவிழ்த்தார்கள், கல்லைத் துடைத்தார்கள், எண்ணெய் தடவிக் கல்லுமனையில் வைத்தார்கள், தேனைப் பங்குபோட்டார்கள். கல்லிடம் போய் யார் சொல்வது, விடு என்று? யாருக்கும் தோன்றவில்லை. கெம்பிக்கும் தோன்றவில்லை.

அதற்குள் தொட்டன் வந்துவிட்டார். இதில் குழப்பம் ஒன்றுமில்லை, கயிறு பிடித்தது கல், கல்லுக்குத்தான் சொல்ல வேண்டும், வா ஆயா, ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக்கொள், என்றார். ஒரு கயிற்றுக்கு ஒரு தடவைதான் அந்த வார்த்தை, இடம் மாற்றிச் சொன்னால் திரும்பச் சொல்ல முடியாது, அதையும் நினைவுபடுத்தினார். கெம்பி கல்லுமனைப் பக்கம் பார்த்தாள். அங்கே போய் அந்தக் கல்லை அண்ணா என்று கூப்பிட்டால், இத்தனை நாளும் அவள் ஒருத்தி மட்டும் பிடித்துவைத்திருந்தது போய்விடும். அவன் ஒருவேளை பிழைப்பான். ஆனால் அவள் வாயாலேயே செத்தவனாகப் பிழைப்பான். கூப்பிடாமல் கீழே போய்ச் சொல்லி, அது தவறான இடமாக இருந்தால், நாளை மறுநாளுக்குள் அவன் ஒரேயடியாகச் செத்துப்போவான்.

“நான் உங்க ஜெபவீட்டுக்கு வர்றேன்,” என்று அவள் போதகரிடம் சொன்னாள்.

அவர் முகம் தெளிந்தது, பிறகு கொஞ்சம் தயங்கியது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள், திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாமே, என்றார்.

“அவன் திங்கட்கிழமை வரைக்கும் நிப்பானா ஐயா?”

போதகர் கீழே வைத்த குடையை எடுக்க மறந்து நடந்தார்.

மறுநாள் அவள் சொம்பில் ஓடைத் தண்ணீரோடு இறங்கியபோது, கூப்பிடாமலே பெண்கள் பின்னால் வந்தார்கள். சிவணி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். சாலைவரை போனவர்கள் ஜெபவீட்டு வேலிக்கு இப்பால் நின்றுவிட்டார்கள். அதற்கு அப்பால் ஊர்க்காரர்கள் கால் வைத்ததில்லை. கெம்பி மட்டும் வேன்களைத் தாண்டி, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, யாரோ இந்தம்மா வரிசையில் வா என்று அதட்டியதைக் காதில் வாங்காமல் உள்ளே போனாள்.

பாட்டு நின்றது. முன்னால் மேடையோரத்தில் அண்ணன் சாய்ந்து நின்றான். அவனுக்கு முன்னே இருந்த வெற்றிடத்தில், எதுவும் இல்லாத இடத்தில், ஒரு விறைப்பு இருந்தது, நன்றாக இழுத்துக் கட்டிய கொடியின் பக்கத்தில் நின்றால் தெரிகிற விறைப்பு. அவள் நடக்கும்போது தன்னையறியாமல் அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனாள். அவன் கண்கள் அவள்மேல் இருந்தன, ஆனால் தூரத்தில், ஆழத்தில் எதையோ பார்த்தன.

அவள் சொம்பைத் தரையில் வைத்தாள். கட்டுத்துணியை அவிழ்த்தாள். சுண்டுவிரலைப் பிரித்தாள், அது குளிர்ந்து, கனத்து, ஆற்று வாசம் அடித்தது. அடுத்ததைப் பிரித்தாள். ஏதோ சொல்ல வந்த வெளியூர்ப் போதகர் ஒருவரைப் பாக்கியநாதன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணா. எம் மனுசன் வந்துட்டான். கயித்த விடு.”

கடைசி விரல் பிரிந்தது. சிமெண்டுத் தரையில் ஏதோ பாரமான ஒன்று இறங்கிய ஓசையை, சுருள் சுருளாக அது விழுந்து அடங்குகிற ஓசையை, அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள். தரையில் எதுவும் இல்லை. புகையும் தேனும் கலந்த ஒரு வாசம் தகரக்கூரைக்குக் கீழே சுற்றிவிட்டு வெளியே போயிற்று. பெள்ளன் முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். அவள் சொம்பைத் தூக்கி வாயில் சரித்தாள், அவன் இருமி இருமிக் குடித்தான், நெஞ்செல்லாம் நனையக் குடித்தான்.

“மச்சான் எப்ப வந்தாரு?”

“அன்னிக்கே வந்துட்டாரு.”

“என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே புள்ள,” என்றான், குறைப்படுகிற சின்னப்பிள்ளைக் குரலில்.

வெளியூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காயம் மூடிக்கொண்டு வருவதைக் கண்டு சிலர் ஸ்தோத்திரம் சொன்னார்கள், சிலர் ஏமாந்ததுபோல வாட்சைப் பார்த்தார்கள். அப்போது பெஞ்சுகளுக்கிடையிலிருந்து மார்த்தாள் எழுந்து வந்தாள். இரண்டு மணிக்கட்டுகளையும் கெம்பியின் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி விரல் பதிந்த தடம் நீலமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் காவல்காரன் காதைப் பொத்திக்கொண்டு வந்தான், தொட்டில்காரி வந்தாள், சிவந்த கண்களோடு ஒவ்வொருவராக, ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றார்கள்.

“அந்தப் புள்ளைக்குப் பொறந்துருச்சா கெம்பி?” என்று மார்த்தாள் கேட்டாள். “இன்னும் என் கையை விடாமப் புடிச்சிட்டே கெடக்கறா.”

“நான் உனக்கு யாரு? என் வாயால சொன்னா உனக்கு ஆகாது,” என்றாள் கெம்பி. அண்ணனின் தலையைத் தன் மடியில் சாய்த்து வைத்திருந்ததால் அவள் எழவில்லை. வாசலை மட்டும் பார்த்தாள். “உன் ஆளு வெளியதான் நிக்கறா.”

எல்லோரும் திரும்பினார்கள். வேலிக்கு அப்பால் சிவணி நின்றாள். அத்தையின் மணிக்கட்டை விடுவிக்க அவளுக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. பக்கத்தில், அற்புதம் பார்க்க வந்து வரிசையில் காத்துநின்ற பட்டுச்சேலைக்காரி ஒருத்தியிடம், முன்பின் தெரியாதவளிடம், கொஞ்சம் பிடிங்க, என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவள் வேலியைத் தாண்டினாள். அந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்பதற்குள் பிள்ளை கைக்கு வந்துவிட்டது. அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் குதிகாலை ஊன்றி, கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நின்றுகொண்டாள்.